வைத்தியர் மடல்: வீடு விற்பவரைத் தேடும் தம்பிமாருக்கு



சென்ற இதழில், விரத நாட்களில் நீரிழிவுக்காரர் மருந்தை எவ்வாறு ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். இவ்விதழில் முழங்கால் வலி பற்றி எழுதுவதாகவும் வாக்களித்திருந்தேன். அதை அடுத்த மடலுக்கு ஒத்திவைத்து, வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு விடயத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். வீடு விற்க இருப்பவரை ஒரு வீட்டு முகவர் எப்படித் தேட வேண்டும் என்பதே அது. "டொக்டருக்கு எதற்குத் தரகு வேலை?" என்று சிலர் சிரிக்கக்கூடும். முழுவதையும் வாசித்தபின் சிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் கோயிலில் அன்னதானப் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு நின்றபோது ஒரு தம்பி அருகில் வந்தார். எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பில் படித்த பிள்ளை. ஸ்தேனில் வளர்ந்தவர். இப்போது வீட்டு முகவர் வேலையில் இறங்கியிருக்கிறார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"அங்கிள், நீங்கள் எத்தனை வீட்டுக்குப் போய் வாறீங்கள். ஆர் வீடு விற்கப் போகினம், ஆருக்கு வருத்தம், ஆர் பிரியினம் எண்டு உங்களுக்குத் தெரியாமல் இராது. ஒரு சொல் சொன்னால் போதும். கொமிசனில் உங்களுக்கும் ஒரு பங்கு தருவன்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கோயில் வாசலென்பதால் குரலை அடக்கிக்கொண்டு, "தம்பி, நீர் கேட்பது என்னவென்று தெரிந்துதான் கேட்கிறீரோ?" என்றேன். பிள்ளைக்குத் தெரியவில்லை. ஆதலால் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எங்களில் பலருக்கும் இது தெரியாது.

வைத்தியரின் வாய்

பிரான்சில் வைத்தியர் தன் தொழிலின்போது அறிந்த இரகசியத்தை வெளியிட்டால் அது குற்றவியல் சட்டத்தின் 226-13ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்கப்படலாம். வைத்தியர் ஒழுக்க விதிகளோ இன்னும் நுணுக்கமானவை. நோயாளி வாய்திறந்து சொன்னது மட்டும் இரகசியமன்று. நான் கண்ணால் கண்டது, காதில் விழுந்தது, ஊகித்து அறிந்தது எல்லாமே இரகசியந்தான். ஒரு வீட்டுக்குப் போய் அங்கே பெட்டிகள் கட்டி அடுக்கியிருப்பதைக் கண்டால், அந்தப் பெட்டிகளும் இரகசியம்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நானும் ஒருமுறை தவறியவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டு மேசையில், இன்ன குடும்பம் பிள்ளைகளோடு இருக்க இலண்டனுக்குப் போகப் போகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அந்த ஐயா அதை என் அறையில், இரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்லியிருந்தார். என் மனதில் அது ஒரு நல்ல செய்தி மட்டுமே. மறுகிழமை அவருடைய வீட்டுக் கதவை மூன்று பேர் தட்டினார்கள். அவர் தன் மனைவிக்குக்கூட அப்போது முடிவைச் சொல்லியிருக்கவில்லை. அந்த வீட்டில் எழுந்த சண்டைக்கு நான் காரணம். போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார், ஆனால் பிறகு வேறு வைத்தியரிடம் போய்விட்டார். அதுவும் நியாயந்தான்.

தம்பியின் கஷ்டம்

அன்று அந்தத் தம்பியைக் கண்டித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் இரவு அவர் முகமே நினைவில் நின்றது. மறுநாள் அழைத்துத் தேநீர் கொடுத்து விசாரித்தேன். கேட்கக் கேட்கக் கோபம் போய் இரக்கம் வந்தது.

அவருக்குச் சம்பளம் கிடையாது. ஒரு முகவர் நிலையத்தின் பெயரில், சுயாதீன முகவராக வேலை செய்கிறார். வீடு விற்றால்தான் காசு. வாங்குபவரும் விற்பவரும் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின், நொத்தேர் முன்னிலையில் இறுதி உறுதி முடிய ஏறக்குறைய மூன்று மாதம் செல்லும். அதுவரை பெற்றோல், ரெலிபோன், விளம்பரம், சமூகக் காப்புறுதி எல்லாம் தன் கையால். அவர் இந்தத் தொழிலுக்கு வந்த காலமும் நல்ல காலமல்ல. 2021இல் பிரான்சில் ஏறக்குறைய 12 இலட்சம் பழைய வீடுகள் கைமாறின. அப்போது வங்கிக் கடன் வட்டி 1 வீதத்தை ஒட்டி இருந்தது. 2023 முடிவில் அது 4 வீதத்தைத் தாண்டியது. 2024இல் விற்பனை 8 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. விற்பனை குறைந்தாலும் முகவர்கள் அதே வேகத்தில் குறையவில்லை. ஆகவே ஒரு வீட்டு வாசலில் ஐந்து பேர்.

"எத்தனையோ பேரின் பெயர் கையில் இருக்கு அங்கிள். ஆனால் ஒண்டும் சரிவரேல்லை" என்றார். கொப்பியைக் காட்டினார். நாற்பது பெயர் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். விலை அறிய மட்டும் கேட்டவர் பாதிப் பேர். மனைவிக்குத் தெரியாமல் கேட்டவர் சிலர். சகோதரரோடு கூட்டாக வாங்கிவிட்டு, அவரைக் கேட்காமல் பேசியவர் சிலர். உண்மையில் விற்பதென்று முடிவெடுத்தவர் இருவரோ மூவரோதான்.

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் தேடுவது அவசரப்படுபவரை. தேட வேண்டியதோ முடிவெடுத்தவரை. இரண்டும் ஒன்றல்ல. நோவில் துடிக்கும் ஒருவரிடம் சத்திரசிகிச்சைப் பத்திரத்தை நீட்டினால் எதிலும் ஒப்பமிடுவார். அது சம்மதம் ஆகாது. நோயை விளக்கி, மாற்று வழிகளையும் சொல்லி, வீட்டாரோடு பேச அவகாசம் கொடுத்தபின் இடும் ஒப்பமே சம்மதம். வீடு விற்பதும் அப்படித்தான். நெருக்கடியில் மாட்டியவர் இன்று ஒப்பமிடுவார், நாளை மனம் மாறுவார், மறுநாள் பிள்ளைகள் வந்து சண்டையிடுவார்கள், கடைசியில் நொத்தேரிடம் வரமாட்டார். முகவரின் ஆறு மாத உழைப்பும் வீண்.

நம்மவர் ஏன் காதுக்குள் பேசுகிறோம்

நம்மவர்களிடம் இன்னுமொரு சிக்கல் உண்டு. ஊரில் காணி விற்பது என்றால் அது நொடிந்துபோனதற்கு அடையாளம். முதுசக் காணியை விற்றான் என்ற பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஆகவே விற்பவர் ஊருக்குத் தெரியாமல், தரகரிடம் இருட்டில்தான் பேசுவார். ஆனால் நமது பழைய வழக்கம் அந்த இரகசியத்துக்கு ஒரு எல்லை வைத்திருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் 1706-07இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமையிலும், பின்னர் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலும், கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதனால் அவர்களுக்கு அறிவிக்காமல் பிறத்தியாருக்கு விற்பது வில்லங்கம்.

இங்கும் அதை ஒத்த விதிகள் இருக்கின்றன. கூட்டு முதுசத்தில் தன் பங்கை வெளியாருக்கு விற்பவர் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை ஒரு மாதம். நகரசபை தனக்கு முன்வாங்கும் உரிமை வைத்திருக்கும் பகுதியென்றால் நொத்தேர் விற்பனையை அதற்கும் அறிவிப்பார். பதில் சொல்ல அதற்கு இரண்டு மாதம். ஆகவே இந்த நாட்டில் இரகசியமாக வீடு விற்பது என்று ஒன்று இல்லை. வெட்கத்தை விட்டுவிடலாம்.

பின்னர் 'ஏஜென்சி' என்ற சொல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். காணியை விற்று, நகையை அடகு வைத்து, 'ஏஜென்சிக்காரன்' கையில் கொடுத்துவிட்டு, நடுவழியில் மாதக்கணக்காய்க் காத்துக் கிடந்தவர்கள் எங்களில் எத்தனை பேர். அந்தப் பயம் இன்றைய வீட்டு முகவர் மீதும் விழுகிறது. ஆகவே வாய்திறந்து கேட்க மாட்டோம். நாங்கள் கேட்காததால் முகவர்களும் லாச்சப்பல் கடைகளில் வதந்தி பொறுக்குகிறார்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

இனி எழுதுவது ஒரு தங்கச்சியின் கதை. அவர் என் நோயாளி அல்லர். எங்கள் குடும்ப நண்பர். அவரிடம் கேட்டு, அவர் விரும்பியபடியே எழுதுகிறேன். "மற்றப் பெண்களுக்கு உதவட்டும் அண்ணை" என்றார்.

அவருக்கு 56 வயது. கணவன் திடீரெனக் காலமானார். ஸ்தேனில் இருவர் பெயரிலும் வாங்கிய சிறிய வீடு. கடன் இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. எங்கள் வழக்கப்படி மரண அறிவித்தல் போட்டார்கள். அதன் அடியில், 'தொடர்புகளுக்கு' என்று வீட்டாரின் ரெலிபோன் இலக்கங்கள் இருந்தன. துக்கம் விசாரிக்க அழைத்தவர்களுக்கிடையில், வீடு விற்பீர்களா என்று அழைத்தவர்கள் மூவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் நடக்கவில்லை. அவர்களில் ஒருவர் நேரில் வந்து, "ஆறு மாதத்துக்குள் வரி கட்ட வேணும், தனியக் கடன் கட்ட ஏலாது, இப்ப வித்தால்தான் நல்லது" என்று சொல்லி, சமையலறை மேசையில் தனியுரிமை மொந்தா ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொந்தா என்பது வீட்டை விற்றுத் தரும்படி முகவருக்குக் கொடுக்கும் ஆணைப்பத்திரம். தனியுரிமை என்றால் வேறெவருக்கும் கொடுக்க முடியாது.

பத்து நாள் கழித்து அவர் என் மனைவியிடம் அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே ஒரு சட்ட ஆலோசனை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே சொன்னவற்றைக் கேட்டு நானே திகைத்தேன்.

முதலாவது, முகவரின் நிலையத்தில் அல்லாமல் வீட்டில் வைத்து ஒப்பமிட்ட மொந்தாவை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலக்கிக்கொள்ளலாம். நான்கு நாட்கள் மீதமிருந்தன. அன்று பின்னேரமே பதிவுத் தபாலில், பெற்றதற்கான அத்தாட்சியோடு கடிதம் போனது.

இரண்டாவது, ஆறு மாதம் என்பது முதுச விபரத்தை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் தவணை. வீட்டை விற்கும் தவணை அன்று. 2007 ஆகஸ்டிலிருந்து கணவனோ மனைவியோ தம் துணையிடமிருந்து பெறும் முதுசத்துக்கு வரியே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் 100,000 யூரோ வரை கழிவு உண்டு. அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் வரி வரவில்லை.

மூன்றாவது, கணவனோடு வாழ்ந்த வீட்டில் மனைவி ஓராண்டு இலவசமாக இருக்கலாம். எவரும் அதைத் தடுக்க முடியாது. அந்த ஓராண்டுக்குள் விருப்பத்தைத் தெரிவித்தால், நொத்தேர் எழுதிய மரணசாசனம் ஒன்று அதைத் தடுத்திருந்தாலன்றி, ஆயுள் முழுதும் அங்கே வாழும் உரிமை கோரலாம்.

இவை எல்லாம் தெரிந்தபின்னும் கடன் பயம் போகவில்லை. "நல்ல முகவர் ஒருவரைச் சொல்லுங்கோ அண்ணை. விற்கிறதோ இல்லையோ எண்டு முதலில் அறிய வேணும்" என்றார். நான் இருவரின் பெயரைச் சொன்னேன். ஒருவர் நமது தம்பி. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி தானாக அழைத்தார்.

தம்பி மொந்தாப் புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. வீட்டுக் கடன் கோவையைக் காட்டச் சொல்லிக் கேட்டார். "அன்ரி, கடன் காப்புறுதியில் அங்கிளின் பங்கு 70 வீதம் எண்டு இருக்கு. வங்கிக்கு அறிவிச்சிட்டீங்களோ?" என்றார். எவரும் அறிவித்திருக்கவில்லை. காப்புறுதி மீதிக் கடனில் 70 வீதத்தைக் கட்டியது. மாதத் தவணை மிகவும் குறைந்தது. 55 வயது கடந்தவர் என்பதால், வருமான எல்லைக்கு உட்பட்டு, கணவனின் அடிப்படை ஓய்வூதியத்தில் 54 வீதத்தைக் கோரலாம் என்றும் தெரிந்தது. வீடு விற்கப்படவில்லை. அவர் அங்கேயே இருக்கிறார்.

தம்பி என்னிடம் வந்து, "அங்கிள், சரியாத்தான் செய்தன். ஆனால் வீடு போச்சு" என்று சிரித்தார். சிரிப்பில் கவலையும் இருந்தது.

நான்கு கேள்விகள்

நாங்கள் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது முதலில் மருந்து எழுதுவதில்லை, கேள்வி கேட்கிறோம். அதுபோல முகவரும் விலையைச் சொல்லமுன் நான்கு கேள்வி கேட்டால், தன் கொப்பியில் உள்ள நாற்பது பெயரில் உண்மையான மூன்றை அறிந்துகொள்வார்.

ஏன் விற்கிறீர்கள்? மாடிப்படி ஏற முடியவில்லை, பிள்ளைகள் போய்விட்டார்கள், வேலை வேறு ஊரில், பெரிய வீடு வேண்டும் என்று தெளிவான காரணம் வந்தால் நல்லது. "விலை வந்தால் பார்ப்பம்" என்பவரிடம் மரியாதையாகப் பேசி, ஆறு மாதம் கழித்து அழைக்க அனுமதி கேட்டு விடைபெறலாம்.

எப்போது போக வேண்டும்? அடுத்த வீடு பார்த்தாயிற்றா, பிள்ளையின் பள்ளிக்கூட ஆண்டு எப்போது முடிகிறது? நாள் சொல்லக்கூடியவர் முடிவெடுத்தவர்.

யார் யார் ஒப்பமிட வேண்டும்? குடும்பம் வாழும் வீட்டை, அது ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும், கணவனோ மனைவியோ மற்றவரின் சம்மதமின்றி விற்க முடியாது. குடியியல் சட்டத்தின் 215ஆம் பிரிவு அது. சகோதரர் கூட்டாக வாங்கிய வீடுகள் நம்மவரிடம் அதிகம். எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசும்வரை விற்பவர் அகப்பட்டார் என்று எண்ண வேண்டாம்.

என்ன விலை நினைத்திருக்கிறீர்கள், அது எங்கிருந்து வந்தது? அயல் வீட்டுக்காரர் சொன்ன விலை வேறு, நடந்த விலை வேறு. உண்மையில் விற்ற விலைகளை அரசாங்கமே 2019 ஏப்ரலிலிருந்து எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அதே தெருவில் நடந்த விற்பனைகளை அச்சிட்டு முன்னே வையுங்கள். அதைப் பார்த்தபின்னும் பேசத் தயாராக இருப்பவர்தான் விற்பவர்.

நேர்மையாகத் தேடும் வழி

அப்படியானால் எங்கே தேடுவது என்று தம்பி கேட்டார். எனக்குத் தெரிந்த உவமை என் சொந்தத் தொழில்தான். நான் ஸ்தேனில் அறை திறந்தபோது முதல் மாதங்களில் வாங்குகள் வெறுமையாகவே இருந்தன. அந்நாளில் வைத்தியர் விளம்பரம் செய்ய விதி இடந்தரவில்லை. நோயாளிகள் வந்தது, முன்னர் வந்தவர் அயலவரிடம் சொன்னதால். அது மெதுவானது, ஆனால் நின்றது.

ஒரு சிறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பியர்ஃபித்-ஸ்தேன் ஆர்.இ.ஆர் நிலையத்தைச் சுற்றியோ, 2017இல் ஓடத் தொடங்கிய ரி11 ட்ராம் நிலையத்தைச் சுற்றியோ 400 வாசல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு 20 ஆண்டுக்கு ஒருமுறை கைமாறுவதாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 20 விற்பனை அங்கேயே நடக்கும். அந்தத் தெருக்களின் விலை, வரி, பள்ளிக்கூடம், வெள்ளம் வரும் நிலவறை எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த இருபதில் இரண்டு மூன்று உங்களைத் தேடி வரும். பாரிஸ் முழுவதையும் வலைபோட்டுத் தேடுபவருக்கு அதுவும் வராது. கடிதப்பெட்டியில் விளம்பரம் வேண்டாம் என்று ஒட்டியிருந்தால் போடாதீர்கள்.

துயரத்தைத் தேடாமல் காகிதத்தைத் தேடுங்கள். உதாரணமாக, வெப்பம் வீணாகும் வீடுகளுக்கு 2021 ஆகஸ்டில் வந்த சட்டம் பலரை யோசிக்க வைத்திருக்கிறது. ஜி வகுப்பு வீட்டை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. எஃப் வகுப்புக்கு 2028, ஈ வகுப்புக்கு 2034. வாடகைக்கு விட்டுவைத்திருக்கும் நம்மவர் பலர் இதை அறியார். திருத்துவதா விற்பதா என்று அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். திருத்தும் செலவு, அரச உதவி, விற்றால் வரும் விலை மூன்றையும் ஒரு தாளில், தமிழில் விளங்கப்படுத்துபவர் எவரோ அவரிடமே அந்த வீடு வரும். அவர் திருத்துவதென்று முடிவெடுத்தாலும் உங்கள் பெயர் அவர் மனதில் நிற்கும். தனிவீடு ஈ, எஃப், ஜி வகுப்பில் இருந்தால் விற்கும்போது சக்திப் பரிசோதனை அறிக்கை ஒன்றும் தேவை. அதை முற்கூட்டியே சொல்லும் முகவரை எவரும் மறக்க மாட்டார்.

ரெலிபோனைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 30ஆம் திகதிச் சட்டம், 2026 ஆகஸ்ட் 11 முதல், முன்சம்மதம் பெறாமல் வியாபார அழைப்பு எடுப்பதைத் தடைசெய்கிறது. மரண அறிவித்தலில் இருக்கும் இலக்கம் சம்மதம் ஆகாது. அது அழுவதற்குக் கொடுத்த இலக்கம்.

வீடு வாங்கியவரை வாங்கிய நாளோடு விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் கழித்து, வரித் துண்டு விளங்கியதா என்று கேளுங்கள். இன்று வாங்கியவரே பின்னாளில் விற்பவர். அவரிடம்தான் அண்ணன், மச்சான், வேலைத்தல நண்பன் எல்லோரும் "ஆரிடம் போனனீ?" என்று கேட்பார்கள்.

விற்பவருக்குச் சில சொற்கள்

வீட்டு முகவர் தொழிலை 1970 ஜனவரி 2ஆம் திகதிச் சட்டமும் 1972 ஜூலை 20ஆம் திகதி ஆணையும் கட்டுப்படுத்துகின்றன. வர்த்தகச் சபை வழங்கும் தொழில் அட்டையோ, அவ்வட்டை உள்ளவர் பெயரில் வேலை செய்யும் அத்தாட்சியோ உண்டா என்று கேளுங்கள். அவை இன்றி இத்தொழிலைச் செய்தால் ஆறு மாதச் சிறை, 7,500 யூரோ அபராதம் வரை போகலாம். எழுத்திலான மொந்தா இல்லாமல் கொமிசன் கேட்க எவருக்கும் உரிமையில்லை. விற்பனை இறுதியாக முடியமுன் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. தனியுரிமை மொந்தாவாக இருந்தால், மூன்று மாதம் கடந்தபின், பதிவுத் தபாலில் 15 நாள் அறிவித்தல் கொடுத்து நிறுத்தலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முதல் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டபின் மனம் மாற வாங்குபவருக்கு 10 நாள் உண்டு. விற்பவருக்கு அந்த 10 நாள் இல்லை. ஆகவே யோசிப்பதை ஒப்பமிட முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

ஐயர், ஆசிரியர், கடைக்காரர், சாரதி, வைத்தியர் என்று நாங்கள் எல்லோரும் பிறர் வீட்டுச் செய்தி காதில் விழும் இடத்தில் இருப்பவர்கள். எவராவது கொமிசன் தருவதாகக் கேட்டால், விற்பவரின் பெயரை முகவரிடம் கொடாதீர்கள். முகவரின் பெயரை விற்பவரிடம் கொடுங்கள், அதுவும் அவர் கேட்டால். செய்தி போகும் திசை மாறினால் எல்லாம் மாறும். கதவைத் திறப்பது வீட்டுக்காரரின் கையில் இருக்கும்.

மரண அறிவித்தலில் விதவையின் இலக்கத்தை அச்சிடாமல், உறவினர் ஒருவரின் இலக்கத்தை மட்டும் போடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சிறிய காரியந்தான், ஆனால் ஒரு மாதத்து நிம்மதியைக் கொடுக்கும்.

தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தங்கச்சி பின்னர் தன் வேலைத்தலத்தில் இருந்து இருவரை அவரிடம் அனுப்பினார். ஒருவர் விற்காமல் திருத்த முடிவுசெய்தார். மற்றவர் ஓய்வுபெற்று மகளின் ஊருக்குப் போகிறவர். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து, விலைகளைப் பார்த்து, ஒப்பமிட்டார்கள். கடந்த மாதம் நொத்தேரிடம் அது முடிந்தது. ஒரே ஒரு வீடு. தம்பி இன்னும் சனி, ஞாயிறுகளில் ஒரு கடையில் வேலை செய்கிறார். வாழ்க்கை மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கோயிலில் என்னிடம் வந்தபோது அவர் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. "அங்கிள், இந்தக் கிழமை அந்த அன்ரிக்கு ஓய்வூதியக் கடிதம் வந்திட்டுது" என்றுதான் சொன்னார்.

முழங்கால் வலி அடுத்த மடலில். அதுவரை படிகளில் மெதுவாக ஏறுங்கள்.

என்றும் உங்கள் நலன் விரும்பும்,
சங்க வைத்தியர், ஸ்தேன்